பிள்ளைக்காம்பராவும் குழந்தை உளவியலும்

குழந்தையைப் பேணுதல் மனித குலத்தின் முதற்றொழில். குழந்தையைக் கூர்ந்து நோக்கி, அதன் வளர்ச்சியை முறைப்பட எழுதி, அவ்வெழுத்தைப் பல்கலைக்கழகப் பட்டத்துக்குரிய ஒரு துறையாக அமைத்தலோ அண்மைக்காலத்து முயற்சி. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தூரம் எல்லா நாட்டிலும் ஒரே அளவினதன்று. இலங்கையின் மத்திய மலைநாட்டிலே, நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலை, பொகவந்தலாவை முதலிய இடங்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே, அத்தூரம் மிக நெடியது. தாய்மார் கொழுந்து பறிக்கச் செல்லும் வேளையில் அவர்தம் குழந்தைகளை ஏற்றுக் காக்கும் பிள்ளைக்காம்பரா அங்கு நெடுங்காலமாக உள்ளது. ஆயினும் அக்காம்பராவில் வளர்ந்த குழந்தையின் உள்ளம் கல்வியாளரின் கவனத்துக்கு வந்தது மிகப் பிந்தியேயாம். அதன் வரலாற்றையும், அவ்வரலாற்றினின்றும் இன்று பெறத்தக்க படிப்பினையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழர் குழந்தையின் வளர்ச்சியை நோக்காதிருந்தவரல்லர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் முதலாகப் பெருகிய இலக்கிய வகை குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்துக்கொண்டது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் இருபாற்கும் பொதுவாயின. சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன ஆண்பாற்குச் சிறப்பாயின. பாட்டியல் நூல்கள் இப்பருவங்களுக்கு மாதக் கணக்கையும் வகுத்தன. ஐந்தாம் மாதத்திலே தலையெடுத்து அசைதலும், ஒன்பதாம் மாதத்திலே இருந்து கைகொட்டுதலும், ஓராண்டு நிறைந்தபின் தளர்நடையிட்டு வருதலும் இன்றைய மருத்துவர் கையிலுள்ள வளர்ச்சி அட்டவணையோடு பெரிதும் ஒத்திருத்தல் வியத்தற்குரியது. ஆயின் பிள்ளைத்தமிழின் குழந்தை தெய்வமாகவோ வேந்தனாகவோ போற்றப்பட்ட குழந்தை. பசித்த குழந்தையும், பேச்சுப் பிந்திய குழந்தையும், தாயைப் பகலெல்லாம் காணாத குழந்தையும் அப்பாட்டினுள் இடம் பெறவில்லை. அன்பினாற் போற்றுதல் வேறு, அறிவினால் ஆராய்தல் வேறு என்பது இதனால் விளங்கும்.

மேல்நாட்டிலே அவ்வாராய்ச்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தொடங்கிற்று. உயிர்களின் தோற்றத்தை ஆராய்ந்த சாள்ஸ் டார்வின், 1839இற் பிறந்த தம் மூத்த மகனைப் பற்றி எழுதி வைத்த நாட்குறிப்புகளை 1877இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். சேர்மனியிலே வில்லியம் பிறையர் குழந்தையின் உள்ளம் பற்றிய நூலை 1882இல் வெளியிட்டார். அமெரிக்காவிலே ஸ்ரான்லி ஹோல் பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் மனத்திலே என்னென்ன கருத்துகள் உள்ளன என்று வினாக்களால் ஆராய்ந்து 1883இல் எழுதினார். பாரிசிலே அல்பிரட் பினேயும் சிமோனும் 1905இல் நுண்மதியை அளக்கும் முதலாவது அளவுகோலை அமைத்தனர். உரோமாபுரியிலே வறிய தொழிலாளர் வாழ்ந்த சான் லொறென்சோப் பகுதியில், 1907இல், மரியா மொண்டிசோரி அம்மையார் தம் முதலாவது குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். வேலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகள் பகலிற் காவலின்றித் திரிந்தமையே அவ்வில்லம் தோன்றக் காரணமாயிற்று. மலைநாட்டுப் பிள்ளைக்காம்பரா தோன்றிய காரணமும் அதுவே. ஒரே தேவையினின்றும் உரோமாபுரியிலே ஒரு கல்வி முறை பிறந்தது. மலைநாட்டிலே ஒரு காவலறை மட்டுமே பிறந்தது. இவ்வேறுபாடு ஊன்றி நோக்கற்பாலது.

குழந்தை வளர்ச்சி தனித்ததொரு கல்வித்துறையானது இருபதாம் நூற்றாண்டிலேயாம். அமெரிக்காவின் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்திலே 1917இல் குழந்தை நல ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்வி நிறுவனத்திலே 1933இற் குழந்தை வளர்ச்சித் துறை தொடங்கப்பெற்று, சூசன் ஐசாக்ஸ் அம்மையார் அதன் தலைவரானார். இந்தியாவிலே கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1916இல் உளவியற்றுறையைத் தொடங்கிற்று. பரோடாவிலே மகாராசா சாயாசிராவ் பல்கலைக்கழகம் 1950இல் மனையியற் பீடத்தை அமைத்துக் குழந்தை வளர்ச்சியை அதன் ஒரு துறையாக்கிற்று. கோயம்புத்தூரிலே அவினாசிலிங்கம் மனையியற் கல்லூரி 1957இல் எழுந்தது. குழந்தை வளர்ப்புப் பெண்டிர்க்கே உரியது என்ற பழைய எண்ணமே இப்பாடத்தை மனையியலோடு பிணைத்தது எனலாம். அப்பிணைப்பிலே ஒரு குறையும் ஒரு நன்மையும் இருந்தன. ஆடவர் இப்பாடத்தை அணுகாமல் நின்றமை குறை. துறையோடு சேர்ந்து ஒரு மழலையர் பள்ளி நடந்தமை நன்மை. பரோடாவிலே சேதன் பால்வாடி என்னும் பள்ளி அவ்வாறு நடந்தது. அங்கே பட்ட மாணவியர் நூலைப் படித்ததோடமையாது, குழந்தைகளின் நடுவிலிருந்து நாள்தோறும் குறிப்பெழுதிப் பயின்றனர். ஓர் இளங்கலைப் பட்டம் நூலறிவையும் நேரறிவையும் ஒருங்கே தருதல் அரிது; குழந்தை வளர்ச்சிப் பட்டம் அதனைத் தரவல்லது.

மொண்டிசோரி அம்மையார் 1939இற் சென்னை வந்து அடையாற்றிலே ஆசிரியர்களைப் பயிற்றினார். போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலே தங்க நேர்ந்தமையாற் கோடைக்கானலிலும், 1944இல் இலங்கையிலும் அவர் வகுப்புகள் நடாத்தினார். அவர் பெயர் இலங்கையிலே பாலர் பள்ளி எதற்கும் பொதுப் பெயராய் வழங்குமளவிற்குப் பரவிற்று. பெயர் பரவிய அளவிற்கு முறை பரவவில்லை. கட்டணம் செலுத்த வல்ல நகரத்துக் குடும்பங்களையே அது பெரும்பாலும் சென்றடைந்தது. வறியோர்பால் இக்கல்வியைக் கொண்டு சென்றவர்களுள் மகாராட்டிரத்துத் தாராபாய் மோடக் அம்மையார் தலைசிறந்தவர். அவர் 1945இற் போர்டி என்னும் கிராமத்திலே மையம் அமைத்தார். குழந்தைகள் பள்ளிக்கு வாராமையைக் கண்டு, அவர்கள் வாழும் சேரியின் முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டு சென்றார். முற்றப் பள்ளி என்று பொருள்படும் அங்கன்வாடி என்ற சொல் அம்முயற்சியினின்றும் வந்ததேயாம். இந்திய அரசு 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது அச்சொல்லே நாடெங்கும் நிலைபெற்றது.

தமிழிலே இத்துறையை எளிய நடையில் எழுதியவர் பெரியசாமித் தூரன். கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியராய் விளங்கிய அவர், குழந்தை உள்ளம், அடிமனம் முதலிய பொருள்கள் பற்றித் தமிழ் மட்டும் அறிந்த ஆசிரியரும் கற்கத்தக்க நூல்களை இயற்றினார். கலைச்சொற்கள் தமிழிலே வேரூன்ற அவை பெரிதும் துணை செய்தன.

இலங்கையிலே 1942இற் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1949இல் அதன் கல்வித்துறை தோன்றிற்று. உளவியல் நெடுங்காலம் மெய்யியற்றுறையின் ஒரு பிரிவாகவும், ஆசிரியர்களுக்குரிய கல்வி உளவியலாகவுமே பயிலப்பட்டது. குழந்தை வளர்ச்சி தனிப் பட்டமாக அமையவில்லை. ஆசிரிய கலாசாலையிலே பயின்றோர் பியாசேயின் வளர்ச்சிப் படிகளையும் பினேயின் அளவுகோலையும் பரீட்சைக்குரிய குறிப்புகளாகக் கற்றனர். அவற்றைச் செனீவாவிலோ பாரிசிலோ வாழாத குழந்தைமீது பொருத்திப் பார்க்கும் வாய்ப்பு அவர்க்கு அரிதாயிருந்தது. இஃது இவ்வாறிருக்க, தோட்டத்துக் குழந்தையின் நிலை யாதாயிருந்தது என்பது காண்டும்.

மலைநாட்டிலே 1820களிற் கோப்பிச் செய்கை தொடங்கிற்று. கோப்பி பருவப் பயிராதலால், தென்னிந்தியத் தொழிலாளர் பலர் பழம் பறிக்கும் காலத்தில் வந்து மீண்டனர். கோப்பியை 1869இல் தோன்றிய இலைநோய் அழித்தது. யேம்ஸ் ரெயிலர் 1867இல் லூல்கந்துரையிலே பயிரிட்டுக் காட்டிய தேயிலை அதனிடத்தைப் பெற்றது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் பறித்தற்குரியது. பறித்தற்கு மகளிர் கை வேண்டும். ஆகவே குடும்பங்கள் லயங்களிலே நிலையாகத் தங்கின. குழந்தைகள் தோட்டத்திலேயே பிறந்து, தோட்டத்திலேயே வளர்ந்தனர். தேயிலையின் இயல்பே தோட்டத்துக் குழந்தைப் பிரச்சினையைத் தோற்றுவித்தது என்று கூறுதல் மிகையாகாது.

அக்குழந்தையை உலகம் முதலிற் கண்டது கூலியின் வடிவிலேயாம். புல் பிடுங்கவும் சில்லறை வேலை செய்யவும் சிறுவர் அழைக்கப்பட்டனர். செக்ரோலில் அவர்க்கும் பேர் விழுந்தது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்ச வேதனச் சட்டம் ஆடவர், மகளிர், சிறுவர் என மூவகைக் கூலியை ஏற்றுக்கொண்டது. பத்து வயதிற்குட்பட்டோரை வேலைக்கமர்த்தலைத் தடுத்ததும் அச்சட்டமே. பத்து வயது நிரம்பிய குழந்தை தொழிலாளி என்பதே இதன் மறுதலைப் பொருள்.

குழந்தையை இரண்டாவதாகக் கண்டது பாடசாலை வரவுப் பதிவேடு. தமிழ்க் கூலி மிசன் 1854இலே தொடங்கப்பட்டுத் தோட்டங்களிலே பள்ளிகளை நடாத்திற்று. பெரிய கங்காணிமார் சிலரும் லயப்பள்ளிகளை ஆதரித்தனர். 1905இல் வேஸ் ஆணைக்குழு ஆரம்பக் கல்வியை ஆராய்ந்த பின், 1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கிராமப் பாடசாலைச் சட்டம், ஆறு வயது முதற் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்டத்துரைமார் மீது சுமத்திற்று. 1920ஆம் ஆண்டின் முதலாம் இலக்கச் சட்டமும், 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டமும் அக்கடமையை விரித்தன. இவற்றால் விளைந்த நன்மையை மறுத்தற்கில்லை. ஆயினும் கிராமத்துச் சிறுவனுக்குக் கட்டாயக் கல்வி பதினான்கு வயதுவரை நீள, தோட்டத்துச் சிறுவனுக்கு அது பத்தோடு முடிந்தது.

உளவியல் இவ்விடத்திலே பேசற்பாலது. குழந்தை ஏழு வயது முதற் பதினொரு வயது வரை கண்ணாற் கண்டு கையாற் பற்றத்தக்க பொருள்களைக்கொண்டே சிந்திக்கின்றது என்றும், பதினொன்று, பன்னிரண்டாம் வயதளவிற் காணாப் பொருளையும், இவ்வாறாயின் என்னாகும் என்ற கருதுகோளையும் எண்ணும் ஆற்றல் அரும்புகின்றது என்றும் பியாசே கண்டார். ஆகவே தோட்டத்துப் பாடசாலையின் கதவு, அருவச் சிந்தனை அரும்பும் வாயிலிலே அடைபட்டது. கணக்கிலே கூட்டலும் கழித்தலும் கற்ற பிள்ளை, குறிக்கணக்கை எட்டுமுன் கூடையைத் தோளிலேற்றிற்று. பின்னாளிலே, தோட்டத்துப் பிள்ளைக்கு மேற்படிப்பு ஏறாது என்று பலர் எளிதாகக் கூறினர். ஏறவொட்டாது தடுத்தது வயதெல்லையே; மூளையன்று. வளர்ச்சி உளவியலை அறிந்த ஒருவர் சட்டம் வகுத்த அவையில் இருந்திருப்பின் இவ்வெல்லையின் கொடுமையை எடுத்துக்காட்டியிருக்கலாம். அக்காலத்து அவைகளில் அத்தகையோர் இலர். பியாசேயின் ஆராய்ச்சியும் 1920களிலேதான் வெளிவரத் தொடங்கிற்று. ஆயின் அறிவு வெளிவந்த பின்னரும் எல்லை நெடுங்காலம் அசையாதிருந்தமைக்கு அறியாமையைக் காரணமாகக் கூறவியலாது. 1945இல் இலவசக் கல்வி தொடங்கியபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் நிழலுக்குப் புறத்தே நின்றன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. நாடற்றவரின் பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகமும் இல்லை. உயர்கல்வியை நோக்கி உழைத்தற்குரிய ஊக்கமும் இல்லை.

குழந்தையை மூன்றாவதாகக் கண்டது தராசு. பிள்ளைக்காம்பராவிலே பால் வழங்கப்பட்டது. குழந்தையின் எடை குறிக்கப்பட்டது. அதிகாலையிலே பெரட்டுக்குச் செல்லுமுன் தாய் குழந்தையை அங்கே விடுவாள். ஆயா அதனை ஏற்று, அழும் குழந்தையைத் தொட்டிலிலிட்டு ஆட்டி, தவழும் குழந்தையை அடுப்பினின்றும் விலக்கிக் காப்பாள். பால் மறவாத குழந்தைக்காகத் தாய் இடைவேளையில் மலையிறங்கி வருவாள். உணவுத் தட்டுப்பாடு மிகுந்த 1974இல் தோட்டங்களிலே இறப்பு வீதம் உயர்ந்தது; குழந்தைகளே முதலில் வாடினர். அக்காலத்தில் எடையும் பாலுமே முதற்றேவையாயிருந்தன என்பதில் ஐயமில்லை. உடல் பிழைத்தாலன்றோ உள்ளத்தைப் பற்றிப் பேசலாகும்?

ஆயினும் உள்ளம் உடலுக்குப் பின்னர் வரட்டும் என்று காத்திருப்பதன்று. யோன் பௌல்பி உலக சுகாதார நிறுவனத்திற்காக 1951இல் எழுதிய அறிக்கையிலே, தாயன்போ அதற்கு நிகரான நிலையான அன்போ இழந்த குழந்தையின் உள்ளம் குன்றும் என்று வற்புறுத்தினார். அவர் கூற்றைப் பின்வந்தோர் திருத்தினர். பிரிவு பகற்பொழுதின் அளவினதாய், குழந்தையை ஏற்பவர் மாறாதவராய், அன்பும் பேச்சும் உடையவராய் இருப்பின் தீங்கு விளையாது என்பது பிற்கால ஆராய்ச்சியாற் பெற்ற தெளிவு. இதனைப் பிள்ளைக்காம்பராவோடு பொருத்திப் பார்க்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். அங்கே குழந்தைக்குப் பெருந்துணையாவது கட்டடமன்று. ஆண்டுக்கணக்காக ஒரே காம்பராவில் இருந்து, ஒவ்வொரு பிள்ளையின் அழுகையையும் அடையாளம் அறிந்த ஆயாவே. ஒரு குடும்பத்தின் மூத்த பிள்ளையையும் இளைய பிள்ளையையும் வளர்த்து, எப்பிள்ளை எப்போது பேசிற்று என்று நினைவிலே வைத்திருந்த அவளை நோக்கர் என்று யாரும் மதித்ததில்லை. பிறையர் ஏட்டில் எழுதியது போன்றதை அவள் மனத்தில் எழுதினாள். அவ்வேடு அவளோடு மறைந்தது.

1964ஆம் ஆண்டின் சிறிமா சாத்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. 1974இல் எஞ்சிய 150,000 பேரும் சரிபாதியாகப் பகுக்கப்பட்டனர். தலைமன்னாரிலே கப்பலேறி இராமேசுவரம் சென்றோருட் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிற் குடியமர்த்தப்பட்டனர். லயத்திலே ஒருங்கே விளையாடிய பிள்ளைகள் இரண்டு நாட்டினராயினர். பெரியோரின் குடியுரிமை பற்றிப் பல நூல்கள் எழுந்துள்ளன. நடுவயதிற் பள்ளியையும் தோழரையும் இழந்த சிறுவரின் உள்ளத்தைப் பற்றி எழுந்தவை மிகச் சில.

மாற்றம் 1970களின் பிற்பகுதியிலே வந்தது. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 முதலாகத் தோட்டப் பாடசாலைகள் அரசிடம் சேரத் தொடங்கின. 1986இற் சுவீடன் நாட்டு உதவியுடன் தோட்டப் பாடசாலை அபிவிருத்தித் திட்டம் எழுந்தது. 1990களிலே சேர்மனியின் துணையோடு பத்தனையிலே ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைந்தது. தோட்டத்து இளைஞரும் மகளிரும் ஆசிரியராய்ப் பயிற்சி பெற்றுத் தம் பிள்ளைகளுக்கே கற்பிக்கும் நிலை அதனால் விரிந்தது. பிள்ளைக்காம்பராக்களும் பெருந்தோட்ட மனித அபிவிருத்தி நிதியத்தின் மேற்பார்வையிற் சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் என்ற பெயரைப் பெற்றன. ஆயா என்ற பெயர் போய்ச் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பதவி வந்தது. பெயர் மாற்றம் பொருளற்றதன்று. காத்தல் என்ற நோக்கம் வளர்த்தல் என்ற நோக்கமாக விரிந்தமைக்கு அஃது அடையாளம். ஆயினும் பெயர் தரும் மதிப்பைப் படிப்பும் ஊதியமும் தாங்கி நில்லாவிடின் அது பலகையளவிலேயே நின்றுவிடும்.

இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980இல் நிறுவப்பட்டபின், தொழில் செய்வோரும் பட்டம் பெறும் வழி அகன்றது. அதன் கல்விப் பீடத்திலே முன்பிள்ளைப் பருவத்துக்கும் ஆரம்பக் கல்விக்கும் உரிய துறை உண்டு. உளவியலும் பல்கலைக்கழகங்களிலே முன்னினும் பரந்து பயிலப்படுகின்றது. ஆகவே குழந்தை வளர்ச்சியையும் உளவியலையும் பட்டப்படிப்பாகக் கொள்ளுதல் மலைநாட்டு மாணவர்க்கு இன்று எட்டாக் கனியன்று. அதனை அவர் கொள்ளவேண்டியது ஏன் என்பதற்கு மூன்று காரணங்கள் கூறலாம்.

முதலாவது, அளவுகோல் பற்றியது. சோவியத்து உளவியலறிஞர் அலெக்சாந்தர் லூரியா 1931, 1932ஆம் ஆண்டுகளில் உசுபெக்கித்தானத்து உழவரிடையே செய்த ஆராய்ச்சி, சிந்திக்கும் முறை வாழ்க்கையாலும் பள்ளியாலும் உருப்பெறுகின்றது என்று காட்டிற்று. கொழுந்து மடுவத்திலே தராசின் முள்ளைப் பார்த்து நிறையறிந்த பிள்ளை, அறிமுகமற்ற படத்தைக் காட்டி வினவும் சோதனையிலே தடுமாறலாம். அத்தடுமாற்றம் பிள்ளையின் குறையா, சோதனையின் குறையா என்று பிரித்தறிய, அவ்வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்த உளவியலாளர் வேண்டும்.

இரண்டாவது, மொழி பற்றியது. லயத்திலே வழங்கும் தமிழுக்கும் பாடநூற் றமிழுக்கும் இடையே ஒரு படி உண்டு. முதல் வகுப்பிலே அப்படியை ஏற இயலாத பிள்ளையை மந்தமென்று தள்ளுதல் எளிது. வீட்டுமொழியினின்றும் பள்ளிமொழிக்குப் பிள்ளையை நடத்திச் செல்லும் வழியைக் கற்றவரே முன்பள்ளியிலும் கீழ்வகுப்பிலும் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, ஏடு பற்றியது. மலைநாட்டுக் குழந்தையின் எடையும் உயரமும் பதிவாகியுள்ள அளவிற்கு அதன் சொல்லும் விளையாட்டும் அச்சமும் நட்பும் பதிவாகவில்லை. ஒவ்வொரு பட்ட மாணவரும் தம் ஊர்ச் சிறுவர் நிலையத்திலே ஓராண்டு இருந்து, சில குழந்தைகளையேனும் முறைப்பட நோக்கி எழுதுவாராயின், பத்தாண்டில் ஓர் அரிய களஞ்சியம் உருவாகும். பெற்றோரின் இசைவோடும், குழந்தையின் பெயரை மறைத்தும் அதனைச் செய்தல் முறை. அனுபவமுள்ள ஆயாக்களின் நினைவுகளையும் அதனோடு சேர்த்தெழுதுதல் வேண்டும்.

இப்படிப்பை மேற்கொள்வோர் ஒன்றை எதிர்பார்த்தலாகாது. மருத்துவமும் பொறியியலும் தரும் வருவாயும் மதிப்பும் இதற்கு இன்னும் இல்லை. உத்தியோக வாய்ப்பும் குறைவு. ஆதலாற் குடும்பத்தின் முதற் பட்டதாரியாக வரும் பிள்ளையிடம் இதனைக் கற்கும்படி கூறுதற்குப் பெற்றோர் தயங்குவது இயல்பே. அத்தயக்கத்தை அறிவுரையால் நீக்க முடியாது. சிறுவர் நிலையங்களிலும் முன்பள்ளிகளிலும் பட்டம் பெற்றவர்க்குத் தக்க பதவியும் ஊதியமும் அமையும்போதே அது நீங்கும். பாடத்தை அமைக்கவேண்டியவை பல்கலைக்கழகங்கள். பதவியை அமைக்கவேண்டியோர் அரசும் தோட்டக் கம்பனிகளும். தொழிற்சங்கங்கள் நாட்கூலியைப் பற்றிப் பேசும் மேடையிலே இதனையும் ஒரு கோரிக்கையாக எடுத்துரைத்தல் தகும்.

தோட்டத்துக் குழந்தை முதலிற் கூலிக் கணக்கிலும், பின்னர் வரவுப் பதிவிலும், அதன்பின் எடை அட்டையிலும் எழுதப்பட்டது. அதன் உள்ளத்தை எழுதும் பணி இனியே நிறைவேற வேண்டியதாயுள்ளது. அதனை எழுதற்குரியோர் மலைநாட்டுக் கல்லூரிகளின் மேல்வகுப்புகளிலே இன்று பயில்கின்றனர். பாடத் தெரிவின்போது அவர்க்கு இத்துறையின் பெயரையேனும் அறிமுகம் செய்து வைத்தல் ஆசிரியர் கடமையாகும்.